காயம் தாங்கிய செம்பு
(ருவோவின் ‘மிசெரேரே’ உருவான வரலாறு)

தவக்காலந்தோறும் திருச்சபை தன் மக்களின் நாவில் வைக்கும் மன்றாட்டு ஒன்று உண்டு. தாவீது அரசர் தம் பாவத்தை உணர்ந்து பாடியதாக மரபு கூறும் 51ஆம் திருப்பாடலே அது. இலத்தீன் வழிபாட்டில் வளர்ந்த நம் முன்னோர் அதன் முதற்சொல்லையே அதற்குப் பெயராக்கி, ‘மிசெரேரே’ என்று அழைத்தனர். ‘இரக்கம் வையும்’ என்பது அச்சொல்லின் பொருள். அப்பாடலில் பாவி இறைவனிடம் கேட்பவற்றை ஊன்றிப் பார்த்தால் ஒன்று புலப்படும். தன் குற்றத்தை அழிக்க வேண்டும், தன்னைக் கழுவ வேண்டும், தூய்மையாக்க வேண்டும், தன் உள்ளத்தைப் புதிதாகப் படைக்க வேண்டும் என்று அவன் கேட்கிறான். இவை அனைத்தும் கையால் உழைக்கும் ஒருவரின் செயல்கள். பட்டறையில் நாள்தோறும் நடப்பவை.

இதே பெயரைத் தாங்கி, 1948ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் 58 பதிப்போவியங்கள் அடங்கிய பெருந்தொகுதி ஒன்று வெளிவந்தது. அதை ஆக்கியவர் ஜார்ஜ் ருவோ என்னும் பிரெஞ்சு ஓவியர். கத்தோலிக்க நம்பிக்கையில் ஊன்றி நின்றவர். இருபதாம் நூற்றாண்டின் சமயக் கலையைப் பற்றிப் பேசுவோர் இத்தொகுதியைத் தொடாமல் செல்வது அரிது. அதன் கருப்பொருளைப் பற்றி எழுதியோர் பலர். அது செய்யப்பட்ட முறையைப் பற்றி நாம் கேள்விப்படுவதோ குறைவு. ஒரு தகடு எவ்வாறு ஆயத்தமாகிறது, அதில் கோடும் நிழலும் எவ்வாறு விழுகின்றன, இறுதியில் அவை தாளில் எவ்வாறு பதிகின்றன என்பவற்றை அறிந்தால், இந்த 58 படங்கள் சொல்ல வருவது இன்னும் தெளிவாக விளங்கும் என்பது நம் எண்ணம். எனவே அந்தப் பட்டறைக்குள் சற்றே நுழைந்து பார்ப்போம்.

நிலவறையில் பிறந்தவர்

1871ஆம் ஆண்டு மே மாதத்தின் இறுதி வாரம். ‘பாரிஸ் கம்யூன்’ எனப்பட்ட எழுச்சியை அரசுப் படைகள் இரத்தப் பெருக்கில் அடக்கிய வாரம் அது. உழைப்பாளர் நிறைந்த பெல்வில் பகுதியில் குண்டுகள் விழுந்துகொண்டிருக்க, மே 27ஆம் நாள் ஒரு வீட்டின் நிலவறையில் ருவோ பிறந்தார். தந்தை மரவேலைக் கைவினைஞர். மகனோ 14ஆம் வயதில் வண்ணக் கண்ணாடிச் சாளரங்கள் செய்யும் பட்டறை ஒன்றில் தொழில் பழகச் சேர்ந்தார். ஒளி ஊடுருவும் நிறத்துண்டுகளையும், அவற்றை இணைத்து நிற்கும் ஈயத்தின் கரும்பட்டைகளையும் கண்டு பழகிய கண்கள் அவருடையவை. பின்னாளில் அவர் ஓவியங்களில் உருவங்களைச் சுற்றி ஓடும் தடித்த கருங்கோடுகளைக் காண்போர், அந்த இளமைக்காலப் பட்டறையை நினைவுகூர்வது வழக்கம்.

பின்னர் அவர் பாரிஸ் நுண்கலைக் கல்லூரியில் குஸ்தாவ் மொரோ என்னும் பேராசானிடம் பயின்றார். 1898இல் மொரோ மறைந்தார். அவருடைய இல்லம் அருங்காட்சியகமாக 1903இல் திறக்கப்பட்டபோது, அதன் முதற்காப்பாளராக அமர்ந்தவர் ருவோவே. ஆசானிடம் அவர் கொண்ட பற்று வாழ்நாள் முழுவதும் தளரவில்லை.

1912இல் ருவோவின் தந்தை இறந்தார். அத்துயரத்தை ஒட்டியே, கறுப்பு மையால் துன்ப உருவங்களை வரையும் பணி தொடங்கியது. இரண்டு ஆண்டுகளுக்குள் முதல் உலகப் போர் மூண்டது. ஒரு மகனின் துயரம் ஒரு கண்டத்தின் துயரத்தோடு கலந்தது. ‘மிசெரேரே’, ‘போர்’ என்னும் இரு பகுதிகளாக, பகுதிக்கு ஐம்பதாக நூறு படங்கள் செய்வது என்பது முதலில் இருந்த திட்டம். அவற்றுள் 58 மட்டுமே நிறைவேறின. ஓவியரின் படைப்புகளைத் தாமே பெற்றுக்கொள்ளும் உடன்பாட்டை அவரோடு செய்துகொண்டிருந்த அம்புருவாஸ் வொலார் என்னும் கலை வணிகர், இத்தொகுதியைப் பதிப்பிக்கும் பொறுப்பை ஏற்றார்.

மேடும் பள்ளமும்

அச்சு என்றதும் நம் நினைவுக்கு வருவது எழுத்து அச்சு. ஹென்றிக்கஸ் அடிகளார் 1578இல் கொல்லத்தில் அச்சிட்ட ‘தம்பிரான் வணக்கம்’ அம்முறையில் வந்த தமிழ் நூல். அங்கே எழுத்து உலோகத்தின் மேல் மேடாக நிற்கும். மை அந்த மேட்டில் ஒட்டும். தாள் அந்த மேட்டைத் தொடும். மரக்கட்டையில் செதுக்கி எடுக்கும் படங்களும் அவ்வகையே. வெட்டி நீக்கப்பட்ட இடம் தாளில் வெறுமையாக விழும். தப்பி நின்ற இடம் கறுப்பாகப் பதியும்.

ருவோவின் தகடுகள் இதற்கு நேர்மாறானவை. இங்கே வெட்டுண்ட பள்ளமே மையைத் தாங்கும். தகட்டின் மேற்பரப்பு முழுவதும் துடைக்கப்பட்டு வெறுமையாகிவிடும். நம் இல்லங்களில் பித்தளைக் குடத்திலும் எவர்சில்வர் பாத்திரத்திலும் பெயர் வெட்டி வைக்கும் வழக்கம் உண்டு. அவ்வாறு பெயர் வெட்டிய இடத்தில் கரியைப் பூசித் துடைத்துப் பாருங்கள். மெருகேறிய பரப்பில் கரி நில்லாது. உளி பட்ட இடத்தில் மட்டும் தங்கி நிற்கும். குழிவு அச்சின் அடிப்படை முழுவதும் இவ்வளவே. காயம் படாத உலோகம் தாளுக்கு எதையும் தருவதில்லை.

இக்கலை பதினைந்தாம் நூற்றாண்டு ஐரோப்பாவின் பொற்கொல்லர் பட்டறைகளோடு உறவுடையது. உலோகத்தில் பூவேலை செதுக்கிப் பழகிய கைகளே செம்புத் தகட்டில் படம் செதுக்கவும் முனைந்தன. போர்க்கவசங்களின் மேல் அமிலத்தால் அணிவேலை செய்யும் வழக்கமும் ஏற்கெனவே இருந்தது. 1500ஆம் ஆண்டை ஒட்டி, ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரத்துத் தானியேல் ஹோப்பர் என்னும் கைவினைஞர் அந்த அமில முறையைத் தாளில் அச்சிடும் தகடுகளுக்குக் கொண்டுவந்தார். போர்க்கவசத்தை அணிசெய்த அதே அமிலம், பின்னாளில் போரின் கொடுமையைக் காட்டவும் பயன்பட்டது. ஸ்பெயின் நாட்டு ஓவியர் கோயா, நெப்போலியன் படையெடுப்பின் துன்பங்களைச் செம்பில் பொறித்துவைத்தார். ‘போரின் பேரழிவுகள்’ என்னும் அத்தொகுதி, அவர் 1828இல் மறைந்து 35 ஆண்டுகள் கழித்து, 1863இல்தான் வெளிவந்தது. ருவோவின் தொகுதிக்கும் நீண்ட காத்திருப்பு எழுதியிருந்ததைப் பின்னர்க் காண்போம்.

தகட்டை ஆயத்தம் செய்தல்

முதல் வேலை தகட்டைத் தெரிந்தெடுப்பது. செம்பு மென்மையும் உறுதியும் ஒருங்கே உடையது; நுண்ணிய கோட்டையும் ஏற்கும், அழுத்தத்தையும் தாங்கும். தகட்டின் நான்கு ஓரங்களையும் அரத்தால் சரிவாக அராவுவர். ஓரம் கூர்மையாக நின்றால் அச்சியந்திரத்தின் அழுத்தத்தில் தாள் கிழிந்துவிடும். பின்னர் முகம் தெரியும் அளவுக்கு மெருகிடுவர். தவறி விழுந்த ஒரு சிறு கீறலும் தாளில் கறுப்புக் கோடாகத் தோன்றும் என்பதால் இந்தக் கவனம். இறுதியாகச் சுண்ணப்பொடியால் தேய்த்து எண்ணெய்ப்பசையை நீக்குவர். விரல் பட்ட இடத்துப் பிசுக்குகூடப் பின்வரும் வேலையைக் கெடுத்துவிடும்.

அடுத்தது, மெழுகும் நிலக்கீலும் பிசினும் கலந்த மெல்லிய பூச்சு ஒன்றைத் தகட்டின் மேல் இடுவது. அமிலம் இப்பூச்சை ஊடுருவாது. ஓவியர் ஊசியால் இப்பூச்சின் மேல் வரையும்போது, ஊசி சென்ற வழியில் செம்பு வெளிப்படும். தகட்டை அமிலத்தில் இட்டால், வெளிப்பட்ட இடத்தை மட்டும் அமிலம் அரிக்கும். சிறிது நேரம் இருந்தால் மெல்லிய கோடு. நெடுநேரம் இருந்தால் ஆழமான கோடு. மெல்லியதாக நிற்க வேண்டிய கோடுகளை இடையில் வார்னிஷ் பூசி மறைத்துவிட்டு, மற்றவற்றை மீண்டும் அமிலத்தில் இடுவர்.

கோட்டுக்கு இம்முறை போதும். நிழலுக்கு வேறு வழி வேண்டும். குங்கிலியம் போன்ற மரப்பிசினை நுண்பொடியாக்கித் தகட்டின் மேல் தூவி, அடியில் சூடு காட்டுவர். பொடி உருகி, எண்ணற்ற சிறு துளிகளாகச் செம்பில் ஒட்டிக்கொள்ளும். அமிலத்தில் இடும்போது, துளிகளுக்கு இடைப்பட்ட நுண்ணிய இடங்களை அமிலம் அரிக்கும். கண்ணுக்குப் புலப்படாத ஆயிரமாயிரம் பள்ளங்கள் சேர்ந்து மையைப் பிடித்துக்கொள்ள, தாளில் அது மென்சாம்பலிலிருந்து வெல்வெட்டுக் கறுப்பு வரையிலான நிழலாக விழும். கோயா இம்முறையில் பெரும்புலவர். ருவோவின் கறுப்பும் இதனால் வளம் பெற்றது.

படியோடு மனநிறைவு கொள்ளாத கை

‘மிசெரேரே’ தகடுகளின் தொடக்கம் இன்னும் சற்று வேறானது. ருவோ முதலில் மையால் வரைந்தார். வொலாரின் விருப்பத்திற்கிணங்க அவற்றை வண்ண ஓவியங்களாகவும் தீட்டினார். வொலார் அவற்றை ஒளிப்பட முறையில் செம்புத் தகடுகளுக்கு மாற்றச் செய்தார். ஒளியால் இறுகும் தன்மையுள்ள ஜெலட்டின் படலத்தில் படத்தைப் பதித்து, அப்படலத்தைத் தகட்டின் மேல் ஒட்டி, வெந்நீரில் கழுவுவது இம்முறை. ஒளி மிகுதியாகப் பட்ட இடத்தில் படலம் தடித்து நிற்கும். நிழலான இடத்தில் மெலிந்திருக்கும். அரிக்கும் திரவம் மெலிந்த இடத்தை விரைந்து கடந்து செம்பில் ஆழமாக இறங்கும். இவ்வாறு கை படாமலே படம் தகட்டில் குடியேறிவிடும்.

வணிக நோக்கில் பார்த்தால் வேலை அத்துடன் முடிந்தது. மை பூசி அச்சிட்டு, அழகிய படிகளாக விற்றிருக்கலாம். ருவோவுக்கு அது போதவில்லை. இயந்திரம் தந்த படியைத் தம் வேலையின் தொடக்கமாக மட்டுமே அவர் எடுத்துக்கொண்டார். ஒவ்வொரு தகட்டையும் மீண்டும் கையில் எடுத்தார். சுரண்டியால் சுரண்டினார், அரத்தால் அராவினார், உப்புத்தாளால் தேய்த்தார், பற்சக்கரக் கருவியை உருட்டிப் புள்ளி நிழல் இட்டார், தூரிகையில் அமிலத்தைத் தோய்த்துச் செம்பின் மேல் நேரடியாகத் தீட்டினார், கூர்முனை ஊசியால் பூச்சின்றியே கீறினார்.

இந்த இறுதி முறையைப் பற்றி ஒரு சொல். உலோகத்தை ஊசியால் நேரே கீறும்போது, நிலத்தை உழுகையில் கொழுவின் இருபுறமும் மண் ஒதுங்குவது போல, கோட்டின் ஓரத்தில் செம்பு பிசிராக எழும்பி நிற்கும். அப்பிசிரும் மையைப் பிடித்துக்கொள்வதால் கோடு மெத்தென்ற கருமையோடு பதியும். இரெம்பிராண்ட் 1653இல் ‘மூன்று சிலுவைகள்’ என்னும் புகழ்பெற்ற கல்வாரிக் காட்சியை இம்முறையில்தான் பெரும்பாலும் செய்தார்.

ருவோவின் கருவிகளுள் இன்னொன்றும் கருதத்தக்கது. அது மெருகுக்கோல், வழுவழுப்பான முனையுடைய எஃகுக் கருவி. மிகுதியாக அரிக்கப்பட்ட இடத்தை அதனால் அழுத்தித் தேய்த்தால், பள்ளம் சிறிது சிறிதாக நிரவி, மை தங்கும் ஆழம் குறையும். கறுப்பு சாம்பலாகும், சாம்பல் வெளிச்சமாகும். ருவோவின் கிறிஸ்து முகங்களில் இருளுக்குள்ளிருந்து கசியும் ஒளி, பெரும்பாலும் இவ்வாறு இருளைத் தேய்த்துத் தேய்த்துப் பெற்ற ஒளியே. செம்பில் செய்த பிழை கல்லில் எழுதிய எழுத்தன்று. அது திருத்தத்துக்கு உட்பட்டது. ஆனால் திருத்தம் எளிதில் கிட்டுவதில்லை. வெட்டிய நேரத்தைவிட நிரவும் நேரம் நீண்டது. ஒப்புரவு அருளடையாளத்தை அறிந்த நமக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

வேலையின் இடையே தகடு எந்நிலையில் இருக்கிறது என்பதை அறிய, ஒரு தாளில் அச்சிட்டுப் பார்ப்பர். இதனை ‘நிலை’ என்பர். இரெம்பிராண்ட் தம் கல்வாரித் தகட்டின் நான்காம் நிலையில், முன்பு செதுக்கிய பல உருவங்களைச் சுரண்டி நீக்கிக் காட்சி முழுவதையும் பேரிருளில் ஆழ்த்தினார். ருவோ எதிலும் எளிதில் நிறைவு காணாதவர். ஒரே பொருளை மீண்டும் மீண்டும் எடுத்து, சில தகடுகளுக்குப் பன்னிரண்டு, பதினைந்து நிலைகள் வரை சென்றதாகத் தம் முன்னுரையில் அவரே குறிப்பிடுகிறார். தம் முறையில் மறைபொருள் எதுவும் இல்லை என்றும் அதில் தெரிவிக்கிறார்.

தாளில் பதிதல்

ஓவியர் ஒப்புதல் தந்த பின்னர் அச்சாளரின் வேலை தொடங்குகிறது. ‘மிசெரேரே’ தகடுகளைப் பாரிஸில் அச்சிட்டது ஜாக்மேன் பட்டறை. 1922 முதல் 1927 வரை அப்பணி நடந்தது. மொத்தப் படிகள் 450. படி ஒன்றுக்கு 58 தாள் என்று கணக்கிட்டால், 26,100 முறை தகட்டுக்கு மையிட்டுத் துடைத்து அச்சிட்டிருக்க வேண்டும்.

ஒவ்வொரு முறையும் நடப்பது இதுவே. பருத்திக் கந்தலிலிருந்து செய்த தடித்த தாளை முன்கூட்டியே நனைத்து, ஈரம் ஒருசீராகப் பரவும்படி பலகைகளுக்கிடையே அடுக்கிவைப்பர். உலர்ந்த தாள் விறைப்பானது, பள்ளத்துக்குள் இறங்காது. ஈரத்தால் இளகிய தாளே கோட்டின் அடிவரை சென்று மையை எடுத்துவரும்.

மை என்பது கரித்தூளை, காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயில் அரைத்த குழம்பு. தகட்டைச் சற்றே சூடாக்கி, மையைப் பள்ளங்களின் அடிவரை செல்லுமாறு அழுத்திப் பூசுவர். அப்போது தகடு முழுவதும் ஒரே கறுப்பு. படம் எங்கே என்று தெரியாது. பிறகு கஞ்சியிட்ட சல்லாத்துணியைச் சுருட்டி, வட்டமாக ஓட்டித் துடைப்பர். துணியில் பெரும்பகுதி மை போன பின், சுண்ணப்பொடி தொட்ட உள்ளங்கையால் மெல்லத் துடைப்பது உண்டு. அச்சாளரின் திறமை முழுவதும் இந்தத் துடைப்பில் இருக்கிறது. குறைவாகத் துடைத்தால் படம் மூடுண்டுபோகும். மிகுதியாகத் துடைத்தால் பள்ளத்திலிருந்த மையும் வெளியேறிப் படம் வறண்டுபோகும். தகட்டுக்குத் தகடு, நிழலுக்கு நிழல் கையின் அழுத்தம் மாற வேண்டும்.

துடைத்த தகட்டை அச்சியந்திரத்தின் படுக்கையில் முகம் மேல்நோக்க வைத்து, அதன்மேல் ஈரத்தாளையும், தாளின்மேல் கம்பளி விரிப்புகளையும் இடுவர். சக்கரத்தைச் சுழற்றினால் படுக்கை இரண்டு இரும்பு உருளைகளுக்கிடையே நுழைந்து மறுபுறம் வெளிவரும். அந்த அழுத்தத்தில் கம்பளி தாளைப் பள்ளங்களுக்குள் தள்ள, தாள் மையைத் தன்மேல் ஏற்கும். அச்சாளர் தாளின் ஒரு மூலையைப் பிடித்து மெல்ல உரித்து எடுப்பார். படம் இடவலம் மாறித் தாளில் நிற்கும். தகட்டின் ஓரம் அழுந்திய தடம் படத்தைச் சுற்றி ஒரு சட்டம்போல் தாளில் நிலைத்துவிடும். விரலால் தடவினால், கோடுகள் சற்றே புடைத்து நிற்பதை உணரலாம். அட்டைகளுக்கிடையே வைத்து உலர்த்திய பிறகே அது முடிந்த பிரதி. அடுத்த தாளுக்கு மீண்டும் முதலிலிருந்து மையிட வேண்டும். மீண்டும் துடைக்க வேண்டும்.

450 படிகளும் முடிந்ததும் தகடுகள் மேற்கொண்டு அச்சிட இயலாதவாறு ஆக்கப்பட்டன. வாங்கியோருக்குக் கொடுத்த எண்ணிக்கை மீறப்படாதிருக்கப் பதிப்போவியத் துறையில் கைக்கொள்ளும் நெறி இது.

இருபத்தோர் ஆண்டுக் காத்திருப்பு

1927இல் அச்சு வேலை முடிந்தும் தொகுதி வெளிவரவில்லை. வொலார் வெளியீட்டைத் தள்ளிப்போட்டுக்கொண்டே சென்றார். 1939 ஜூலையில் கார் விபத்தில் அவர் உயிர் நீத்தார். இரண்டு மாதங்களுக்குள் இரண்டாம் உலகப் போர் மூண்டது. முதல் போரின் துயரத்தில் கருக்கொண்ட தாள்கள், இரண்டாம் போர் முடியும் வரை மக்கள் கண்ணில் படாமலே கிடந்தன.

வொலாரிடம் இருந்த முடிவுறாத ஓவியங்கள் யாருக்கு உரியவை என்னும் வழக்கு எழுந்தது. ஓவியர் தம் கையால் முடித்துக் கொடுக்காத படைப்பு அவருக்கே உரியது என்று ருவோ வாதிட்டார். 1947இல் தீர்ப்பு அவர் பக்கம் அமைந்தது. நூற்றுக்கணக்கான ஓவியங்கள் அவரிடம் திரும்பின. அவர் அப்போது எழுபது வயதைக் கடந்திருந்தார். தம் எஞ்சிய வாழ்நாளுக்குள் முடிக்க இயலாது என்று கண்ட 315 ஓவியங்களை, 1948 நவம்பரில் சாட்சிகள் முன்னிலையில் அவரே தீயிட்டார். அவற்றை விற்றிருந்தால் பெருஞ்செல்வம் கிடைத்திருக்கும். முடியாததை முடிந்ததென்று உலகுக்குக் கொடுக்க அவர் மனச்சான்று இடம்தரவில்லை. அதே ஆண்டில்தான், தம் ஆசான் மொரோவுக்கும் தம் தாய்க்கும் காணிக்கையாக்கி, ‘மிசெரேரே’யை வெளியிட்டார். ஒரு கை எரித்தது. மறு கை அளித்தது. இரண்டும் ஒரே நேர்மையின் செயல்கள்.

58 தாள்கள்

தொகுதியைத் திறந்தால், ஒவ்வொரு படத்துக்கும் ருவோ இட்ட தலைப்பு ஒன்று உண்டு. எட்டாம் படம் ஒரு கோமாளியின் முகம். முகத்துக்கு ஒப்பனை இடாதவர் யார் என்று கேட்பது அதன் தலைப்பு. பதினாறாம் படம், விண்ணகத்தில் தனக்கென இருக்கை ஒதுக்கப்பட்டிருப்பதாக நம்பும் செல்வச் சீமாட்டி. ஆலயத்தின் முன்வரிசையில் அமர்ந்து பழகிய எவருக்கும் அது சற்றே சுடும். சிலுவையில் தொங்கும் ஆண்டவரைக் காட்டும் முப்பத்தொன்றாம் படத்துக்கு, ஒருவரை ஒருவர் அன்புசெய்யுங்கள் என்னும் அவருடைய கட்டளையே தலைப்பு. முப்பத்து மூன்றாம் படத்தில் வெரோனிக்காவின் துணியில் பதிந்த திருமுகம்.

நாற்பத்தாறாம் படத்தின் தலைப்பு நமக்கு நெருக்கமானது. நேர்மையாளர் சந்தன மரத்தைப் போன்றவர். தம்மை வெட்டும் கோடரிக்கும் மணம் தருபவர் என்பது அதன் கருத்து. இந்திய மரபில் வேரூன்றிய உவமை இது. தேயத் தேயச் சந்தனம் மணம் கெடாது என்று சிறுவயதிலேயே நீதிநூல்களில் கற்ற நாம், பாரிஸ் நகரத்துச் செம்புத் தகடு ஒன்றில் அதே மரத்தைச் சந்திக்கிறோம். நிறைவான ஐம்பத்தெட்டாம் படத்தில் முள்முடி சூடிய கிறிஸ்துவின் முகம். அவர்தம் காயங்களால் நாம் நலமடைந்தோம் என்று எசாயாவின் 53ஆம் அதிகாரம் கூறும் செய்தியே அதன் தலைப்பு.

காயம் பட்ட இடமே உருவத்தைத் தாங்கும் ஒரு கலையில், இறுதிச் சொல்லாக இது வந்து நிற்கிறது. செம்பின் வேலையை அறிந்தவருக்கு இத்தலைப்பு படத்தின் கீழே எழுதப்பட்ட வாசகம் மட்டுமன்று. படம் உண்டான விதமே அதுதான்.

ஆயினும் இங்கே நாம் விழிப்பாயிருக்க வேண்டும். காயம் நல்லது, துன்பம் இனியது என்று ருவோ எங்கும் சொல்லவில்லை. துன்புறுவோரிடம், இது உங்கள் சிலுவை, பொறுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு நம் வழியே போவது நமக்கு எளிது. வறுமைப்பட்ட வீட்டிலும், அநீதி இழைக்கப்பட்ட ஊரிலும், கணவனின் கைக்கு அஞ்சி வாழும் பெண்ணிடத்திலும் அச்சொல் எத்தனை முறை சொல்லப்பட்டிருக்கிறது! கீறல் விழுந்த தகடு தானாகவே படம் ஆகிவிடுவதில்லை என்பதைப் பட்டறை நமக்குக் காட்டுகிறது. வெறும் கீறல் வெறும் சேதமே. அதனிடம் ஒருவர் குனிந்து வர வேண்டும்; மிகையான இருளைத் தேய்த்து நிரவ வேண்டும்; கையால் துடைக்க வேண்டும்; ஈரமுள்ள ஒன்றை அதன் அருகே கொண்டுவந்து, அதன் ஆழம் வரை இறங்கச் செய்ய வேண்டும். அப்போதுதான் அதிலிருந்து ஒரு முகம் வெளிவரும். ஆண்டவரின் காயங்கள் நமக்கு நலமானதும், அவற்றை இழைத்த கொடுமையால் அன்று. அவற்றை ஏற்று நின்ற அன்பினால். கோடரியைச் சந்தன மரத்தோடு சேர்த்து ருவோ போற்றவில்லை.

ருவோ 1958 பிப்ரவரி 13ஆம் நாள் மறைந்தார். பிரான்ஸ் அரசு அவருக்கு அரசு மரியாதையுடன் இறுதிச் சடங்கு நடத்தியது. நிலவறையில் பிறந்த கைவினைஞர் மகனுக்கு உலகம் அளித்த மதிப்பு அது. அவர் விட்டுச் சென்ற 58 தாள்களோ இன்றும் மன்றாடிக்கொண்டிருக்கின்றன.

தவக்காலத்துச் சிலுவைப்பாதையில் ஆறாம் நிலையின் முன் நாம் மண்டியிடுகிறோம். கூட்டத்தில் எத்தனையோ பேர் ஆண்டவரைக் கண்டனர். திருமுகம் பதிந்ததோ, அருகில் சென்று துடைத்த ஒரு பெண்ணின் துணியில் என்று மரபு கூறுகிறது. தொலைவில் நின்று இரங்கிய கண்களில் அது பதியவில்லை. அச்சாளரின் தாளும் தகட்டை நெருங்கி அழுந்தாமல் எதையும் பெறுவதில்லை. உலர்ந்த தாளாயின், அழுந்தியும் பயனில்லை. துன்புறும் ஒருவர் வீட்டு வாசலில் அடுத்த முறை நாம் நிற்கும்போது, நம் உள்ளத்தில் ஈரம் இருக்கிறதா என்று ஒரு நொடி பார்த்துக்கொள்வது நல்லது.